நுரையை அறுக்கும் கத்தி

வீட்டில் சுட்ட பிரெட்டை வெட்டும்போது காரியம் கெடுவது பெரும்பாலும் முதல் இரண்டு விநாடிகளில்தான். கத்தியை மேலே வைக்கிறோம். மேலோடு இறுகலாக இருப்பதால் கத்தி இறங்க மறுக்கிறது. கை தன்னையறியாமல் அழுத்துகிறது. சட்டென்று மேலோடு பிளக்கிறது. அதை உடைப்பதற்காகக் கொடுத்த பலம் முழுவதும் இப்போது அடியில் உள்ள மெத்தென்ற பகுதியின் மேல் விழுகிறது. நடுவில் குழி விழுகிறது, பக்கங்கள் பிதுங்குகின்றன. அதற்குப் பிறகு எவ்வளவு நிதானமாக அறுத்தாலும் அந்தத் துண்டு மேலே மெலிந்து, கீழே தடித்து, ஓரங்கள் பிய்ந்துதான் வரும்.

கடை பிரெட்டின் ஒரே சீரான துண்டுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கைப்பழக்கக் குறைவாகத் தோன்றும். கைப்பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பங்கு இரண்டு விஷயங்களுக்கு இருக்கிறது: பிரெட் எந்த நிலையில் இருக்கும்போது அதன்மேல் கத்தி வைக்கிறோம், வைத்த கத்தி எந்தத் திசையில் நகர்கிறது.

முதலில், அறுக்கப்படும் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். பிரெட் என்பது கெட்டிப்பட்ட நுரை. ஈஸ்ட் வெளியிட்ட கரியமில வாயுவும் அடுப்பில் உண்டான நீராவியும் ஊதிப் பெருக்கிய குமிழ்கள், அவற்றைச் சுற்றி வெந்த மாவின் மெல்லிய சுவர்கள். நன்றாக உப்பிய சாண்ட்விச் பிரெட்டின் உட்பகுதியில் ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தால் கால் கிராம் எடைதான் இருக்கும். ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக் காற்று துளியும் இல்லாமல் கசக்கி உருட்டிப் பாருங்கள்; பழைய இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். அதாவது, கையில் இருக்கும் பிரெட்டில் ஐந்தில் நான்கு பங்கு காற்று.

இப்படிப்பட்ட பொருள்களுக்கென்றே பொறியியலில் தனிப் பிரிவு இருக்கிறது. லோர்னா கிப்சன், மைக்கேல் ஆஷ்பி ஆகிய இருவரும் 1988-இல் வெளியிட்ட ‘செல்லுலார் சாலிட்ஸ்’ அந்தத் துறையின் அடிப்படை நூல். தக்கை, மரம், எலும்பின் உட்பகுதி, நுரை மெத்தை எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்த நூல் அது. பிரெட்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆறிய பிரெட்டின் வெட்டுமுகத்தில் கட்டைவிரலை மெல்ல வைத்து அழுத்தினால் அவர்கள் சொல்லும் மூன்று கட்டங்களையும் விரலாலேயே உணரலாம். முதலில் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும். விரலை எடுத்தால் பிரெட் பழைய நிலைக்குத் திரும்பும். இன்னும் அழுத்தினால், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எதிர்ப்பு நின்றுபோய் விரல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். குமிழ்ச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கும் கட்டம் இது. கடைசியில் சுவரோடு சுவர் ஒட்டி, மாவு உருண்டை போல் இறுகிவிடும். அப்படி மடங்கிய சுவர் முழுதாக நிமிர்வதில்லை. நல்ல துண்டு வேண்டுமென்றால் கத்தியின் அழுத்தம் முதல் கட்டத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வரியில் சொன்னால் பிரெட் வெட்டும் கலை இவ்வளவுதான்.

அந்த நூலில் இன்னொரு முக்கியமான விதி உண்டு. குமிழ்கள் ஒன்றோடொன்று திறந்திருக்கும் நுரையில், விறைப்பு அடர்த்தியின் இருமடிக்கேற்ப மாறும். அடர்த்தி பாதியானால் விறைப்பு நான்கில் ஒன்றாகிவிடும். மைதா பிரெட் உயரமாக உப்பி வந்ததே என்று மகிழ்கிறோம். அந்த உப்பலுக்கு விலையாக அது கத்தியின் கீழ் பல மடங்கு பலவீனமாகிறது. முழுக்கோதுமை மாவில் செய்த கனமான பிரெட் சுலபமாக நேராக அறுபடுவதற்கும் இதுதான் காரணம். குமிழ்கள் ஒரே அளவில் இல்லாவிட்டால் சிக்கல் கூடும். பெரிய பொந்து இருக்கும் இடத்தில் எதிர்ப்பே இல்லாததால் கத்தி அங்கே சறுக்கும், அடுத்த இறுகலான இடத்தில் தடுக்கும். அதனால்தான் மாவு முதல் முறை உப்பியதும் காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாக்கி, இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுருட்டி டின்னில் வைக்கச் சொல்கிறார்கள். சீரான துண்டுக்கான முதல் வேலை கத்தியை எடுப்பதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே, மாவுக் கையோடு தொடங்கிவிடுகிறது.

அடுத்தது ஆறவிடுதல். இதைப் பலரும் பொறுமை சம்பந்தப்பட்ட அறிவுரையாக எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆறுவதும் சுடுவதில் ஒரு பகுதிதான். அடுப்புக்கு வெளியே நடக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

அடுப்பிலிருந்து எடுக்கும்போது பிரெட்டின் நடுப்பகுதி 95 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். உள்ளே இருக்கும் மாவுச்சத்து மணிகள் 60 டிகிரியைத் தாண்டியபோதே நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கியிருக்கும். குளூட்டன் புரதம் அதற்குச் சற்று மேலான சூட்டில் இறுகி வலைச்சட்டம் போல் நின்றிருக்கும். சட்டம் நின்றுவிட்டாலும் பூச்சு இன்னும் காயவில்லை. கோதுமை மாவுச்சத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமைலோஸ்; நேரான நீண்ட சங்கிலி மூலக்கூறு. வீங்கிய மணிகளிலிருந்து கசிந்த அமைலோஸ் சூட்டில் கட்டுப்பாடில்லாமல் அலைந்துகொண்டிருக்கும். சூடு இறங்க இறங்க இந்தச் சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றி, நீரைத் தம்முள் பிடித்துக்கொண்டு, கூழ் உறைவதுபோல் உறைகின்றன. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த உறைதல்தான் குமிழ்ச் சுவருக்கு அறுபடும் தன்மையைத் தருகிறது. அதற்கு முன்பு கத்தி வைத்தால் சுவர் அறுபடாது, இழுபடும். கத்தியின் இரு பக்கமும் பசைபோல் ஒட்டும், வெட்டுமுகத்தில் சிறுசிறு உருண்டைகளாகத் திரளும். திறந்த முகத்தின் வழியாக நீராவியும் வெளியேறிவிடுவதால் மீதி பிரெட் அன்று மாலைக்குள் வறண்டுபோகும்.

பெரிய பேக்கரிகள் பிரெட்டின் நடுச்சூடு 35 டிகிரியை ஒட்டி இறங்கிய பிறகே வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புகின்றன. வீட்டில் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? வெளிநாட்டுச் சமையல் நூல்களில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்குப் பொருந்தாது. காரணம், நியூட்டனின் குளிர்தல் விதி. ஒரு பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்பது, அதன் சூட்டுக்கும் சுற்றியுள்ள காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. அறை 20 டிகிரியில் இருந்தால், 95-இல் இருக்கும் பிரெட் 35-க்கு இறங்குவதற்கு அந்த வித்தியாசம் 75-லிருந்து 15-க்குக் குறைய வேண்டும், அதாவது ஐந்தில் ஒன்றாக. சென்னையில் மே மாத மதியம் அறையே 32 டிகிரி என்றால், வித்தியாசம் 63-லிருந்து 3-க்கு வர வேண்டும், இருபத்தொன்றில் ஒன்றாக. மடக்கை போட்டுப் பார்த்தால் இதற்கு முன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அங்கே ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருந்தால் இங்கே மூன்று மணி நேரம். பிரெட்டுக்குள் சூடு நகரும் வேகமும் ஈரம் ஆவியாவதும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும், ஆனாலும் போக்கு இதுதான். மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் நேரம் குறையும்.

டின்னிலிருந்து உடனே எடுத்துக் கம்பித் தட்டின்மேல் வைக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஆறும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியே நகர்கிறது. டின்னுக்குள்ளேயோ பரந்த தட்டிலோ வைத்தால் அந்த ஆவிக்குப் போக வழியில்லை. பக்கங்களிலும் அடியிலும் நீராகத் திரும்பி மேலோட்டை நனைக்கும். நனைந்த அடி மேலோடு தோல்போல் ஆகிவிட்டால் எந்தக் கத்தியும் அதைச் சுத்தமாக அறுக்காது. கம்பித் தட்டின்மேல் ஆறும் பிரெட்டின் அருகே காதை வைத்தால், மேலோடு சுருங்கி நுண்ணிய விரிசல்கள் விடும் சடசடப்பு கேட்கும். அந்தச் சத்தம் அடங்கிய பிறகும் உட்பகுதி நெடுநேரம் சூடாகத்தான் இருக்கும். அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துக் கதகதப்பு துளியும் இல்லையென்றால்தான் கத்தி எடுக்கலாம். கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் மாவில் செய்யும் ஜெர்மானிய பிரெட்டுக்கு இதுவும் போதாது. அதில் பிசினைப் போல நீரைப் பிடித்துவைக்கும் பென்டோசான்கள் அதிகம் என்பதால், ஒரு நாள் முழுவதும் வைத்திருந்து மறுநாள்தான் வெட்டுவார்கள்.

அப்படியானால் வைத்துக்கொண்டே இருந்தால் மேலும் நன்றாக அறுபடுமா? ஓரளவுக்கு ஆம், ஆனால் தின்பதற்கு நன்றாக இராது. பிரெட் பழசாவது காய்ந்துபோவதால்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1852-இல் ஃப்ரெஞ்சு வேதியியலாளர் ழான் பாப்டிஸ்ட் பூசங்கோ அதைச் சோதித்துப் பார்த்தார். காற்றுப் புகாதபடி மூடிவைத்த பிரெட்டும், ஈரம் குறையாமலேயே, பழசானது. பழைய பிரெட்டை மீண்டும் சூடாக்கியபோது அது, ஈரத்தை மேலும் கொஞ்சம் இழந்தும், புதிது போல் மென்மையானது. ஈரம் எங்கும் போகாமலே பிரெட் எப்படி இறுகியது என்ற கேள்விக்கு, 1920-களில் டச்சு அறிவியலாளர் ஜே. ஆர். காட்ஸ் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி விடை கண்டார். வேகும்போது ஒழுங்கு குலைந்த மாவுச்சத்து மெல்ல மெல்ல மீண்டும் படிகமாகிறது. அமைலோஸ் சில மணி நேரத்தில் செய்து முடித்த வேலையை, கிளைகள் நிறைந்த அமைலோபெக்டின் நாள்கணக்கில் செய்கிறது. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் இது மிக வேகமாக நடக்கும். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்துப் பருக்கை பருக்கையாக நிற்பதும் இதே வேதியியல்தான். ஆகவே வெட்டுவதற்குச் சுலபமாகட்டும் என்று பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைப்பது தவறு. காலையில் சுட்டதை மாலையில் வெட்டலாம். இரவில் சுட்டதைச் சுத்தமாக ஆறிய பின் துணியில் சுற்றிவைத்து மறுநாள் காலையில் வெட்டலாம். உறைதல் முடிந்து, படிகமாதல் இன்னும் முற்றாத இடைவெளி அது.

இனி கத்தி. அரிவாள்மணையில் காய் நறுக்கியவர்களுக்கு இந்தப் பகுதியின் இயற்பியல் கையிலேயே இருக்கிறது. அங்கே அலகு அசைவதில்லை, காய்தான் நகர்கிறது. அந்த அலகு நேராக நிற்காமல் முன்னோக்கி வளைந்திருப்பதைக் கவனியுங்கள். வாழைக்காயை அலகில் வைத்து நேராக முன்னே தள்ளினாலும், அலகின் சாய்வு காரணமாகக் காய் அலகின் நீளவாக்கில் வழுக்கிக்கொண்டே போகிறது. தள்ளுவது பாதி, வழுக்குவது பாதி. பழுத்த தக்காளியைக்கூடச் சாறு சிந்தாமல் அரிவாள்மணையில் நறுக்க முடிவதற்கு அந்த வழுக்கல்தான் காரணம்.

இதைக் கணக்காக எழுதியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி அட்கின்ஸ். 2004-இல் அவரும் அவருடைய சகாக்களும் செடார் பாலாடைக்கட்டியையும் சலாமியையும் மெல்லிய துண்டுகளாக வெட்டி, கத்தியின்மேல் விழும் விசைகளை அளந்தார்கள். கத்தி பக்கவாட்டில் நகரும் வேகத்தைக் கீழே இறங்கும் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உராய்வைச் சேர்க்காத எளிய கணக்கில், அந்த எண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மடங்குக்குக் கீழ்நோக்கிய விசை குறைகிறது. எண் சுழி, அதாவது வெறும் அழுத்தல் என்றால் முழு விசையும் வேண்டும். பக்கவாட்டிலும் கீழேயும் சமமாக நகர்ந்தால் விசை பாதியாகும். ஒரு சென்டிமீட்டர் இறங்குவதற்குள் இரண்டு சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு போதும், மூன்று நகர்ந்தால் பத்தில் ஒரு பங்கு போதும். புதிய வெட்டுமுகத்தை உண்டாக்கத் தேவைப்படும் ஆற்றல் மாறுவதில்லை. அதை நீண்ட தூரத்துக்குப் பரப்பிக் கொடுப்பதால் ஒவ்வோர் அடிக்கும் விசை சிறுக்கிறது. அந்த விசையும் பெரும்பகுதி பக்கவாட்டில் திரும்பிவிடுவதால் குமிழ்ச் சுவர்களை மடக்கும் பாரம் அவற்றின்மேல் விழுவதில்லை.

ஹார்வர்டில் எல். மகாதேவனும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஜெல் போன்ற மென்மையான பொருளில் கீறல் எப்படிப் பிறக்கிறது என்பதை அவர்கள் பார்த்தார்கள். வெறுமனே அழுத்தினால் பொருள் முழுவதும் ஆழமாக அமுங்கிய பிறகே முதல் கீறல் விழுகிறது. பக்கவாட்டு இழுப்பும் சேர்ந்தால் மிகக் குறைந்த அமுங்கலிலேயே விழுந்துவிடுகிறது. காகிதத்தின் ஓரம் விரலில் அழுந்தினால் ஒன்றும் ஆவதில்லை, வழுக்கினால் இரத்தம் வருகிறது. அதுவும் இதே நிகழ்ச்சிதான். முதல் இரண்டு விநாடிகளில் பிரெட்டுக்கு நேரும் விபத்தைத் தவிர்க்கும் வழியும் இதில் இருக்கிறது. கத்தியின் குதிப்பக்கத்தை மேலோட்டில் வைத்து, அதன் சொந்த எடையைத் தவிர வேறெதையும் சேர்க்காமல், முழு நீளத்துக்கும் ஒருமுறை இழுக்க வேண்டும். மேலோட்டில் ஒரு கோடு விழும், அவ்வளவு போதும். அந்தக் கோட்டுக்குள் கத்தி தானே நடக்கும்.

பல் வைத்த கத்தி இந்த வேலைக்கென்றே வந்தது. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் டிக் நிறுவனம் இத்தகைய கத்தியைக் காட்சிக்கு வைத்திருந்தது. பல்லின் நுனி மட்டும் மேலோட்டைத் தொடுவதால் சிறிய விசைகூட அந்தப் புள்ளியில் பெரிய அழுத்தமாகிறது, இறுகிய மேலோடு உடனே இடம் கொடுக்கிறது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள பள்ளத்தின் விளிம்பு சாய்ந்திருப்பதால், அரிவாள்மணையின் வளைவைப் போல, அது தன் பங்குக்கு வழுக்கலைச் சேர்க்கிறது. பள்ளங்கள் வெட்டுப்பலகையில் உரசுவதே இல்லை என்பதால் கூர் நெடுநாள் நிற்கிறது. பல் பொடியாகவும் நெருக்கமாகவும் இருந்தால் மட்டும் ரம்பம் மரத்தைத் தின்பதுபோல் அது பிரெட்டைத் தின்னும். வெட்டி முடித்ததும் பலகையில் கிடக்கும் தூளைப் பாருங்கள். தூள் நிறைய இருந்தால் சுவர்கள் அறுபடவில்லை, பிய்ந்திருக்கின்றன. அகன்ற, ஆழம் குறைந்த அலைபோன்ற பற்களே பிரெட்டுக்கு ஏற்றவை.

கத்தியின் நீளம் எவ்வளவு முக்கியம் என்பது மேலே சொன்ன கணக்கிலிருந்தே வருகிறது. பிரெட் 10 சென்டிமீட்டர் உயரம், 10 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் அறுத்தால் கத்தி மொத்தம் 30 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர வேண்டும். 25 சென்டிமீட்டர் கத்தியில் பிரெட்டின் அகலம் போக ஓர் இழுப்புக்குக் கிடைப்பது 15 சென்டிமீட்டர், இரண்டே இழுப்பில் வேலை முடிந்துவிடும். 15 சென்டிமீட்டர் கத்தியில் கிடைப்பது வெறும் 5. ஆறு இழுப்பு வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய இடம் திருப்பம். முன்னே போன கத்தி பின்னே திரும்பும் கணத்தில் அதன் பக்கவாட்டு வேகம் சுழி. அந்தக் கணத்தில் விகிதமும் சுழி. கை மட்டும் கீழே அழுத்திக்கொண்டிருந்தால், அந்த ஒரு கணம் நாம் வெறும் அழுத்தலுக்குத் திரும்பிவிடுகிறோம். வெட்டுமுகத்தைச் சாளர வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் குறுக்கே வரிவரியாக மேடுகள் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒரு திருப்பம். நீளமான கத்தியில் வரிகள் குறைவு. சின்னக் கத்தி மட்டும்தான் இருக்கிறது என்றால், திரும்பும்போது பாரத்தை முற்றிலும் எடுத்துவிட்டு, கத்தி ஓடத் தொடங்கிய பிறகு கொடுக்கப் பழக வேண்டும்.

பிரெட்டை எப்படி வைப்பது என்பதிலும் பயனுள்ள யோசனை ஒன்று உண்டு. நிற்கவைத்து வெட்டினால் கத்தி முதலில் சந்திப்பது வளைந்த, மிக இறுகலான மேல்பகுதி. கடைசியில் சந்திப்பது முழு அகலத்துக்கும் பரந்த அடி மேலோடு. அந்த அடி மேலோட்டை அறுக்கக் கொடுக்கும் பலத்தில் ஏற்கெனவே அறுபட்ட துண்டின் கால்பகுதி கிழிந்துபோகிறது. பிரெட்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் நிலைமை மாறும். டின்னின் சுவரை ஒட்டி வெந்த பக்கம் தட்டையாகவும் மெலிந்தும் இருக்கும், கத்தி வழுக்காது. மேல் மேலோடும் அடி மேலோடும் இப்போது வெட்டின் இரு முனைகளில் நிற்பதால், கத்தி அவற்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே போகும். எந்த இடத்திலும் பெரிய தடை ஒரேயடியாக வராது.

அடுத்தது நேர்க்கோடு. பல் வைத்த கத்திகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கம் மட்டுமே சாணை பிடித்திருப்பார்கள், மறுபக்கம் தட்டையாக இருக்கும். சாணை பிடித்த சாய்வு பிரெட்டைத் தள்ளுகிறது, பிரெட் திருப்பித் தள்ளுகிறது. அதனால் கத்தி தட்டையான பக்கம் நோக்கி விலகும். வலக்கைக்காரர்களுக்கான கத்தியில் சாய்வு வலப்பக்கம் இருப்பதால் கத்தி இடப்பக்கமாக, மீதி பிரெட்டுக்குள் ஒதுங்கும். துண்டு கீழே போகப் போகத் தடிக்கும். இடக்கைக்காரர் அதே கத்தியை எடுத்தால் துண்டு அவருடைய இடப்பக்கத்தில் இருக்கும். கத்தி துண்டுக்குள்ளேயே ஒதுங்கி, கீழே மெலிந்து பாதியில் வெளியே வந்துவிடும். இடக்கைக்காரர்கள் இதைத் தங்கள் குறையாக எண்ணிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். குறை சாணையில் இருக்கிறது. இடக்கைக்கென்று மறுபக்கம் சாணை பிடித்த கத்திகள் கிடைக்கின்றன. இருபக்கமும் சாணை பிடித்ததை வாங்கினால் வீட்டில் எல்லோருக்கும் பொருந்தும். இருப்பதை வைத்துச் சமாளிப்பவர்கள், எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று கண்டுகொண்டு, தொடக்கத்திலேயே கத்தியை மயிரிழை மறுபக்கம் சாய்த்துப் பிடிக்கலாம்.

துண்டு மெல்லியதாக இருந்தால் இன்னொரு விலகலும் சேரும். தகட்டின் வளைவு எதிர்ப்பு தடிமனின் மும்மடிக்கேற்ப மாறுவது. பாதித் தடிமனுள்ள துண்டு எட்டில் ஒரு பங்கு எதிர்ப்பைத்தான் தரும். கத்திக்கு ஒரு பக்கம் அசையாத முழு பிரெட், மறுபக்கம் தொய்ந்து விலகும் மெல்லிய துண்டு. கத்தி எளிதாகச் சாயும் பக்கம் துண்டின் பக்கம்தான். வீட்டுக் கத்தியில் 12 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்து போக முயலாமல் இருப்பது நல்லது. முதலில் அளவுகோலை வைத்து, மேலோட்டின்மேல் கத்தி நுனியால் 12 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட்டுக்கொள்ளலாம். வெட்டும்போது கண் கத்தியைப் பார்க்கக் கூடாது. தூரத்து ஓரத்தில் கோடு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். முழங்கை உடம்பில் இடிக்காதபடி சற்றுத் திரும்பி நின்றால் முன்னங்கை நேராக முன்னும் பின்னும் ஓடும். இடித்தால் மணிக்கட்டு சுழன்று கத்தி வில்போல் வளைந்து போகும். பிடிக்கும் கைக்கு வேலை மிகக் குறைவு: பிரெட் நகராமல் தடுத்தால் போதும். இறுக்கிப் பிடித்தால் அமுங்கிய நிலையில் நேராக வெட்டிய துண்டு, விட்டதும் விரிந்து கோணலாகும்.

சீராக இருக்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுவது அழகுக்காக மட்டுமே இல்லை. டோஸ்டரில் பிரெட் சிவக்க வேண்டுமென்றால் அந்த இடத்தின் ஈரம் முதலில் போக வேண்டும், பிறகே பரப்பு 140 டிகிரிக்கு மேல் ஏறிச் சிவக்கும். ஒரு முனையில் 8, மறுமுனையில் 14 மில்லிமீட்டர் உள்ள துண்டில், மெல்லிய முனை காய்ந்து கருகத் தொடங்கும்போது தடித்த முனை நடுவில் இன்னும் ஈரமாகவே இருக்கும்.

இந்தச் சிக்கல்களையெல்லாம் ஒரே இயந்திரத்தில் தீர்க்க முனைந்தவர் ஓட்டோ ரோவெடர். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் நகைக்கடைகள் வைத்திருந்தவர். அவற்றை விற்ற பணத்தில் பிரெட் வெட்டும் இயந்திரத்தை உருவாக்கத் தொடங்கினார். 1917-இல் ஒரு தீவிபத்தில் மாதிரி இயந்திரமும் வரைபடங்களும் எரிந்துபோயின. மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, 1928 ஜூலை 7 அன்று அதே மாநிலத்தின் சில்லிகாதி நகர பேக்கரி ஒன்றில் வெட்டிய பிரெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். துண்டின் தடிமன் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இன்று நம் ஊர் பேக்கரிகளில் மேசைமேல் நிற்கும் ஸ்லைசரின் உள்ளே பார்த்தால் வேலை புரியும். இணையாகப் பூட்டிய பல் அலகுகள் இரண்டு சட்டங்களில் மாறி மாறி அமைந்திருக்கும். ஒரு சட்டம் மேலே போகும்போது மற்றது கீழே வரும். ஒன்றின் இழுப்பை மற்றது ஈடுசெய்வதால் பிரெட் எந்தப் பக்கமும் இழுபடுவதில்லை. எல்லா வெட்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒவ்வோர் அலகுக்கும் இரு பக்கமும் சமமான தாங்கல் இருக்கிறது. மெல்லிய துண்டின் பக்கம் சாயும் பிரச்சினைக்கே அங்கே இடமில்லை.

ரோவெடருக்குக் கடினமாக இருந்தது வெட்டுவதைவிட பேக்கரிக்காரர்களைச் சம்மதிக்க வைப்பது. வெட்டிய பிரெட் சீக்கிரம் காய்ந்துவிடும் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயமான அறிவியல். 20 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள பிரெட்டின் வெளிப்பரப்பு 1,000 சதுர சென்டிமீட்டர். அதைப் பதினாறு துண்டாக வெட்டினால் புதிதாக 3,000 சதுர சென்டிமீட்டர் வெட்டுமுகம் திறக்கிறது, அதுவும் மேலோட்டின் காவல் இல்லாமல். துண்டுகளைக் கலையவிடாமல் சேர்த்துப் பிடிக்க ரோவெடர் முதலில் ஊசிகளைக் குத்திப் பார்த்தார். கடைசியில் வெட்டிய உடனே மெழுகுத்தாளில் இறுக்கிச் சுற்றுவதே வழியாயிற்று. அந்தத் தாள் தடிமனாக இருக்க வேண்டியிருந்ததே பின்னாளில் வினையானது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 ஜனவரி 18 அன்று, சிக்கனத்துக்காக அமெரிக்க அரசு வெட்டிய பிரெட் விற்பதையே தடை செய்தது. பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பிறகு மார்ச் 8 அன்று தடையை நீக்கியது.

வீட்டில் மெழுகுத்தாளும் இல்லை, பிளாஸ்டிக் உறை போடும் இயந்திரமும் இல்லை. அதனால் ஒரு நாளில் தீராத பிரெட்டை முழுவதும் வெட்டிவைக்க வேண்டாம். நுனியிலிருந்து தொடங்காமல் சரியாக நடுவில் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டு இரண்டு பாதியாக்குங்கள். வேண்டிய துண்டுகளை நடுவிலிருந்து அறுத்துக்கொண்டு, மீதி இரண்டு பாதிகளையும் வெட்டுமுகம் வெட்டுமுகத்தோடு பொருந்தும்படி சேர்த்துத் துணியில் சுற்றிவிடலாம். வெளியே தெரிவது மேலோடு மட்டுமே. மறுநாளைக்கும் தீராது என்றால், அன்றே மிச்சத்தைத் துண்டுபோட்டு, காற்றில்லாத பையில் ஃப்ரீசரில் வைக்கலாம். ஃப்ரிட்ஜில் வேகமெடுக்கும் படிகமாதல் அந்தக் கடுங்குளிரில் ஏறக்குறைய நின்றுவிடும். துண்டுகளுக்கிடையே பட்டர் பேப்பர் வைத்திருந்தால் ஒன்றோடொன்று ஒட்டாது, வேண்டிய இரண்டை மட்டும் பிரித்து நேராக டோஸ்டரில் போடலாம்.